புதுப்பிப்பு: பிப்ரவரி 31-இல் நின்றுபோன பூக்கடை அறிக்கை

போன வாரம் கேட்டது இதுதான்: மாட்டுத்தாவணியில் ஒரு மொத்தப் பூக்கடைக்கு நான் எழுதிய பில்லிங் புரோகிராமில், பிப்ரவரி மாத அறிக்கை 'தேதி வரம்பு மீறியது' என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ்.

தப்பு என்னுடையதுதான். எல்லா மாதத்துக்கும் 1 முதல் 31 வரை என்று குவெரியில் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையில்) எழுதி வைத்திருந்தேன். இப்போது 'பிப்ரவரி 1-க்குச் சமம் அல்லது அதற்குப் பின், மார்ச் 1-க்கு முன்' என்று மாற்றிவிட்டேன். மாதக் கடைசி நாள் எது, லீப் வருடமா என்ற கவலையே இல்லை. இன்னொரு ஓட்டையும் அடைபட்டது: பில் நேரத்தோடு பதிவாவதால், 31 வரை என்று கேட்டால் 31 பிறக்கும் நள்ளிரவு 12 மணியோடு கணக்கு நின்றுவிடும். மல்லிகை வியாபாரமே விடியலுக்கு முன்னால்தானே தொடங்குகிறது! கடைசி நாள் விற்பனை மொத்தமும் இத்தனை நாள் விடுபட்டிருக்கிறது. கடைக்கார அண்ணாச்சியிடம் அதைச் சொல்லத்தான் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது.

அப்புறம் பழைய கடன் பதிவுகள். அதில் தேதி வெறும் எழுத்தாகவே இருந்தது. எழுத்தைத் தேதியாக மாற்றும் டு_டேட் கட்டளையைப் போட்டு மாற்றலாம் என்று சிலர் சொன்னீர்கள். போஸ்ட்கிரஸ் 10-க்கு முந்தைய பதிப்புகளில் அது பிப்ரவரி 31-ஐச் சத்தமில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிவிடும். 10 முதல் பிழை தரும். பிழையே மேல். சிக்கிய வரிகளுக்குத் தேதியைக் காலியாக விட்டு, மூல எழுத்தைத் தனி நெடுவரிசையில் வைத்துவிட்டேன்.

ஒரு வரியில் நாள் 32 என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். அண்ணாச்சி சிரித்தார்: "தம்பி, அது ஆனி 32."