மத்தியானக் கதை பார்க்க இப்போது யார் இருக்கிறார்கள்?

மியர்பேங்க் மருமகள்:

முன்பெல்லாம் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் தெருவில் மத்தியானம் எந்த வீட்டைக் கடந்து போனாலும் ஒரே டிவி சத்தம்தான் கேட்கும். முந்தின ராத்திரி ஓடிய தொடரை மறுநாள் பகலில் திரும்பப் போடுவார்கள். ராத்திரியில் பேரப்பிள்ளைகள் ரிமோட்டை விடமாட்டார்கள் என்பதால் ஆயாமார்களுக்கு அந்தப் பகல் நேரம்தான் கணக்கு. சமையலை முடித்து, கறிச்சட்டியை மூடிவிட்டு உட்கார்ந்தால் போன் அடித்தாலும் எடுக்கமாட்டார்கள்.

என் மாமியாருக்கு இசிடிங்கோ என்ற தொடர் என்றால் உயிர். ஹொரைசன் டீப் என்ற கற்பனைச் சுரங்க ஊரில் நடக்கும் கதை, 1998-இல் தொடங்கியது. அதில் ராஜேஷ் குமாராக ஜாக் தேவ்நாராயண் திரையில் வந்தால் போதும், "நம்ம பிள்ளை வந்துட்டான், பேசாம இரு" என்பார். நாட்டுக்கே பொதுவான ஒரு கதையில் நம் வீட்டுச் சாயலில் ஒரு முகம் தினமும் வருவது அவர் தலைமுறைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2020 மார்ச்சில் இசிடிங்கோ நின்றது. பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், வருமானம் போதவில்லை என்றார்கள். டர்பனில் நடக்கும் கதையான இம்பேவு 2023-இல் முடிந்தது. அதிலும் ஓர் இந்தியக் குடும்பம் இருந்தது. அதே வருடக் கடைசியில் செவெண்டெ லான் என்ற தொடரும் நின்றது, 23 வருடம் ஓடிய பிறகு. மாமியார் இப்போது மத்தியானத்தில் சேனலை மாற்றிக்கொண்டே இருக்கிறார், எதிலும் மனம் ஒட்டவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி? பார்த்ததை, நடந்ததைச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் பெரியவர்:

தங்கச்சி, நீங்கள் சொல்வது டிவி காலம். எனக்கு அதற்கு முந்தின காலமும் ஞாபகம் இருக்கிறது. இந்த நாட்டுக்கு டிவி 1976-இல்தான் வந்தது. அதுவரை பகல் கதை என்றால் ஸ்பிரிங்பாக் ரேடியோதான். என் அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பார். ரேடியோ தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னல் திண்டில் இருக்கும். கதையில் யாராவது அழ ஆரம்பித்தால் அம்மாவின் கால் பெடலில் அப்படியே நின்றுவிடும். விளம்பரம் வந்ததும் மெஷின் மறுபடி ஓடும். பின்கட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் எங்களுக்கு, கதை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மெஷின் சத்தத்தை வைத்தே தெரியும்.

அந்த விளம்பரம்தான் விஷயமே. அமெரிக்காவில் இந்தப் பகல் தொடர்களை வளர்த்துவிட்டது சோப்புக் கம்பெனிகள். கைடிங் லைட் என்ற தொடர் 1937-இல் ரேடியோவில் தொடங்கி, 1952-இல் டிவிக்கு மாறி, 2009-இல் நின்றது. அதற்குப் பின்னால் பல காலம் இருந்தது பிராக்டர் அண்ட் கேம்பிள் என்ற சோப்புக் கம்பெனி. வீட்டில் இருக்கும் பெண்கள் கேட்பார்கள், சோப்பு விற்கும், கதை ஓடும். இங்கே 1978-இல் டிவியில் விளம்பரம் வந்ததும் பணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1985 டிசம்பர் கடைசியோடு ஸ்பிரிங்பாக் ரேடியோவை மூடிவிட்டார்கள். அம்மாவைப் போன்றவர்கள் அன்றைக்கும் கேட்கத் தயாராகத்தான் இருந்தார்கள். அதனால் இன்றைக்கு "யாரும் பார்ப்பதில்லை" என்று சொல்லும்போது எனக்கு முழுசாக நம்பிக்கை வருவதில்லை. விளம்பரக்காரனுக்கு வேண்டிய வயதில் ஆள் இல்லை என்பதே பாதிக் காரணம்.

பீனிக்ஸ் வாசி:

எங்கள் வீட்டில் பழக்கத்தை உடைத்தது லோட் ஷெடிங். 2022, 2023-இல் கரண்ட் எப்போது போகும் என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் சோறே வைத்தோம். ராத்திரி கதை போச்சு, மறுநாள் பகல் கதையும் போச்சு. அக்கா மகள் போனில் சுருக்கம் படித்துச் சொல்வாள். கொஞ்ச நாளில் அம்மா அதையும் கேட்பதை விட்டுவிட்டார். கரண்ட் திரும்பி வந்தது, அம்மா அந்த நாற்காலிக்குத் திரும்பவில்லை.

வெருலம் தையல்காரி:

நான் தொடர் எடுக்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். டர்பனில் எடுத்த ஒரு தொடரில் உடைப் பிரிவில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம்.

வெளியே இருப்பவர்களுக்கு அந்த வேலையின் வேகம் தெரியாது. தினமும் ஓர் எபிசோட் ஒளிபரப்பாக வேண்டும் என்றால், ஒரே நாளில் பல எபிசோடுகளின் காட்சிகளைக் கலந்து எடுப்பார்கள். காலையில் கல்யாணம் முடிந்து வீட்டுக்குள் நுழைகிற காட்சி, மத்தியானம்தான் தாலி கட்டுகிற காட்சி. மணப்பெண்ணின் எந்தக் கையில் எத்தனை வளையல், முந்தானை எந்தத் தோளில், பொட்டு சிவப்பா மெரூனா என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைப்போம். ஒருமுறை எங்கள் மேலாளர், மணப்பெண்ணுக்கு வெள்ளைச் சேலை கொண்டுவரச் சொன்னார். "எங்கள் ஆயாமார்கள் பார்க்கிறார்கள், நாளைக்கே போன் வரும்" என்று சொல்லி, என் அக்காவின் கூறைச்சேலையை வீட்டிலிருந்து கொண்டுபோய் உடுத்திவிட்டேன். ஒளிபரப்பான வாரம் கோயிலில் யாரோ ஒரு அம்மா, "சேலைக் கட்டு சரியா இருந்துச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைத் தெரியாமல்தான் சொன்னார். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் போகவில்லை.

தொடர் நிற்கப் போகிறது என்று எங்களுக்குச் செய்தி பார்த்துத்தான் தெரியும். நடிகர்களைப் பற்றிப் பத்திரிகை எழுதும். 2014-இல் ஜெனரேஷன்ஸ் தொடரில் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்த 16 நடிகர்களை நீக்கியபோது நாடே பேசியது. விளக்கு பிடிப்பவர், ஒப்பனைக்காரர், வேன் ஓட்டுபவர், சாப்பாடு சமைத்துத் தருகிற அக்கா, இவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. தினத்தொடர் என்றால் மாதாமாதம் வரும் சம்பளம். சினிமாவோ விளம்பரமோ அப்படி இல்லை, வந்தால் வரும். நான் இப்போது கல்யாண ஜாக்கெட் தைக்கிறேன். கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோகன்னஸ்பர்க் போய்விட்டார், மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை.

மிட்ராண்ட் மதுரைக்காரன்:

நாங்கள் வேலைக்காக வந்தவர்கள். டிஎஸ்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி சேவையில் சன் டிவி இருப்பதால்தான் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு மாதக்கணக்கில் தங்கினார். இப்போது அவரே, "டப்பா எதுக்குப்பா, போன்ல வருதுல்ல" என்கிறார். காலை வெயிலில் பால்கனியில் உட்கார்ந்து, முந்தின நாள் எபிசோடை வேகமாக ஓட்டிப் பார்க்கிறார். வில்லி பேசினால் நிறுத்தி முழுசாகக் கேட்கிறார், கதாநாயகி அழுதால் தள்ளிவிடுகிறார்.

அமெரிக்காவிலும் இதுதான் நடக்கிறது. 1965-லிருந்து ஓடும் டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ், 2022-இல் என்பிசி டிவியை விட்டுப் பீகாக் இணையத் தளத்துக்குப் போனது. கதை சாகவில்லை என்பது என் கட்சி. ஆனால் அம்மா பார்த்ததைப் பற்றிப் பேச மறுநாள் ஆள் தேடுகிறார். பக்கத்து வீட்டம்மா வேறு எபிசோடில் இருக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மியர்பேங்க் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. வெருலம் அக்கா, அந்தச் சேலையை நாங்களும் பார்த்திருப்போம்.

புதிதாக யாரும் தொடங்குவதே இல்லை என்று நினைத்திருந்தேன். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனல் பியாண்ட் தி கேட்ஸ் என்ற பகல் தொடரைத் தொடங்கியிருக்கிறது, வசதியான ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை. 1999-க்குப் பிறகு அங்கே பெரிய சேனல் ஒன்றில் வந்த முதல் புதுப் பகல் தொடர். அதிலும் பிராக்டர் அண்ட் கேம்பிள் பங்காளி என்று படித்ததும் பெரியவர் எழுதியது நினைவுக்கு வந்தது. அங்கே முடிகிறதென்றால், இந்தியக் குடும்பத்தோடு ஒரு டர்பன் கதையை இங்கேயும் மறுபடி எடுக்கலாம். இங்குள்ள டிவி நிறுவனங்களான எஸ்.ஏ.பி.சி.க்கும் இ.டிவிக்கும் கடிதம் எழுத நான் தயார், கையெழுத்துப் போட யார் வருகிறீர்கள்?

டோங்காட் ஆயா பேத்தி:

நான் போடுகிறேன், ஆயாவும் போடுவார். அவர் இப்போது உசாலோ என்ற சூலு மொழித் தொடரைப் பார்க்கிறார். டர்பன் பக்கத்துக் குவாமாஷுவில் நடக்கும் கதை, 2015-லிருந்து ஓடுகிறது. பக்கத்து வீட்டு சூலு கோகோவும் (அவர்கள் மொழியில் பாட்டி) வந்து உட்காருவார். கீழே ஓடும் ஆங்கில எழுத்து ஆயாவுக்குக் கண்ணில் பிடிக்காது, அதனால் கோகோ சொல்லச் சொல்லக் கேட்பார். போன வாரம் பாதிரியார் பாத்திரத்தைப் பற்றி இரண்டு பேருக்கும் சண்டை. கையெழுத்துக்கு கோகோவையும் கூட்டிவரலாமா?