மனாவுஸ் நகரில் ஐந்து நாட்கள்: பழங்குடிப் பண்பாட்டை அறிய எங்கே செல்லலாம்?

கேள்வி: அஸ்தம்பட்டி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். என் மகள் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் பணிபுரிகிறாள். வரும் அக்டோபரில் நானும் என் கணவரும் அவளிடம் செல்கிறோம். அங்கிருந்து விமானத்தில் மனாவுஸ் சென்று, அமேசான் காட்டின் நடுவே உள்ள அந்த ஆற்று நகரத்தில் ஐந்து நாட்கள் தங்க எண்ணியிருக்கிறோம்.

பயண முகவர் ஒருவர் ஒரு நாள் திட்டம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். காலையில் இரண்டு ஆறுகள் கூடும் இடம், நண்பகலில் மிதவை உணவகம், பிற்பகலில் ஒரு மணி நேரம் 'பழங்குடிக் கிராமம்'. அந்த ஒரு மணி நேரத்தில் நடனம், முகத்தில் வண்ணம் தீட்டுதல், புகைப்படம் எல்லாம் அடக்கம். இதைப் படித்ததும் எனக்குத் தயக்கம் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் ஒரு விடுதியில் உறவினர்களோடு தங்கியிருந்தபோது, இரவு விருந்தின் நடுவே மலைக்கிராமத்தினர் சிலரை அழைத்து வந்து ஆடச் சொன்னார்கள். நாங்கள் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்க, ஆடியவர்களில் ஒருத்தி என்னிடம் படித்த மாணவி என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். அவள் என்னை முன்பே பார்த்துவிட்டிருக்க வேண்டும், ஏனெனில் ஆட்டம் முடியும்வரை எங்கள் மேசைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே கேட்கிறேன்: அந்தக் கிராமத்திற்குச் செல்லலாமா, தவிர்த்துவிடலாமா? தவிர்த்தால் அம்மக்களின் பண்பாட்டை வேறு எங்கே அறியலாம்? என் கணவர் சைவ உணவு மட்டுமே உண்பவர் என்பதையும் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

பதில் 1: தலைவாசல் சேகோக்காரர்

அம்மா, வணக்கம். எங்கள் குடும்பத்திற்குத் தலைவாசல் பக்கம் சேகோ ஆலை உண்டு. கிழங்கு அரைக்கும் இயந்திரங்களைப் பார்ப்பதற்காக 2019-இல் பிரேசிலின் தெற்கே உள்ள பரானா மாநிலத்திற்குச் சென்றிருந்தேன். வேலை முடிந்து மிஞ்சிய ஆறு நாட்களை மனாவுஸில் கழித்தேன்.

முதலில், முடிந்தால் மாதத்தை மாற்றுங்கள். நாம் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் பார்ப்பதுபோல, மனாவுஸ் மக்கள் ரியோ நெக்ரோ ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள். துறைமுகத்தில் 1902 முதல் அதை அளந்து வருகிறார்கள். ஜூனில் உச்சத்திற்கு ஏறி, அக்டோபர், நவம்பரில் அடிமட்டத்திற்கு இறங்கும் அந்த ஆற்றில், சாதாரண ஆண்டிலேயே பத்து மீட்டர் அளவுக்கு ஏற்ற இறக்கம் உண்டு. 2021 ஜூனில் 30 மீட்டரைத் தொட்ட ஆறு, 2023 அக்டோபரில் 13 மீட்டருக்கும் கீழே போனது. 2024-இல் அதையும் விடக் கீழே இறங்கியது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் படகுகள் மணலில் தட்டி நின்றன. ஜூன், ஜூலையில் சென்றால் வெள்ளம் புகுந்த காட்டில், மரக்கிளைகளுக்கு இடையே சிறு தோணியில் போகலாம். ஆனால் வரலாற்று ஆசிரியை என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2023 வறட்சியில் நகரத்திற்கு அருகே உள்ள போண்டா தாஸ் லாஜெஸ் என்னும் பாறைக் கரையில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று கருதப்படும் மனித முகச் செதுக்கல்கள் தண்ணீருக்கு மேலே தலைகாட்டின.

பண்பாடு எங்கே என்று கேட்டீர்கள். அதற்கு ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பிரேசிலிலேயே பழங்குடியினர் மிக அதிகமாக வாழும் நகராட்சி மனாவுஸ்தான். 71,000-க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். நகரத்தின் பெயரே மனாவோ என்னும் பழங்குடியின் பெயரிலிருந்து வந்தது. கடையில் சில்லறை கொடுப்பவரும் பேருந்தில் பக்கத்தில் நிற்பவரும் துக்கானோவாகவோ பரே இனத்தவராகவோ இருக்கக்கூடும். இறகு கிரீடம் இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

என்னை அங்கே கட்டிப்போட்டது கிழங்கு. நம் சேலத்துக் குச்சிக்கிழங்கின் தாய்மண் அமேசான் படுகையின் தென்மேற்கு ஓரம். போர்த்துகீசியர் கைக்கு வந்து, கேரளம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த பயிர் இது. நம் ஆலைகளின் பெயர்ப்பலகையில் இருக்கும் 'டேபியோகா' என்ற சொல்லே பிரேசிலின் தூப்பி மொழிச் சொல். அந்த மொழியின் வழி வந்த நியெங்காத்து இன்றும் ரியோ நெக்ரோ ஆற்றங்கரைகளில் பேசப்படுகிறது. 2023-இல் அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தை அம்மொழியில் பெயர்த்து வெளியிட்டார்கள்.

ஆற்றங்கரையை ஒட்டி அடோல்ஃபோ லிஸ்போவா சந்தை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய இரும்புக் கட்டடம். அங்கே ஒரு கடையில் தீப்பித்தி தொங்குவதைப் பார்த்தேன். ஓலை நாரால் பின்னிய, ஆள் உயரத்துக்குப் பாம்பு போன்ற நீண்ட பை அது. துருவிய கசப்புக் கிழங்கை அதில் திணித்து, மேல் முனையை உத்தரத்தில் மாட்டி, கீழ் வளையத்தில் ஒரு கழியைச் செருகி அதன் மேல் உட்காருவார்கள். பை இழுபட்டு நீள நீள அதன் சுற்றளவு குறுகி, உள்ளே இருக்கும் சாறு முழுவதும் பிழியப்படும். மோட்டாரும் இல்லை, ஆணியும் இல்லை. அந்தச் சாற்றில் சயனைடு நஞ்சு இருப்பது நமக்கும் தெரியும். பச்சைத் தோலைத் தின்ற மாடு செத்த கதை நம் பக்கத்தில் எத்தனை! அவர்கள் அதைத் தெளிய வைத்து, அடியில் படியும் மாவை எடுத்துக்கொண்டு, மேலே நிற்கும் மஞ்சள் நீரை நெடுநேரம் கொதிக்கவிட்டு நஞ்சைப் போக்கி, 'துக்குப்பி' என்னும் புளிப்புச் சாறாக்குகிறார்கள். பிழிந்த சக்கையைப் பெரிய தட்டில் வறுத்தால் 'ஃபரீனியா'. நாமோ மாவை மட்டும் எடுத்துக்கொண்டு, திப்பியை மாட்டுக்கும் தண்ணீரைக் குட்டைக்கும் அனுப்புகிறோம்.

ஐயாவின் உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஈர மாவை அப்படியே தட்டில் தூவினால் தோசை போல ஒட்டிக்கொள்ளும். அதைத் 'தப்பியோக்கா' என்கிறார்கள். உள்ளே பாலாடைக்கட்டியும் துக்குமான் பழமும் வைத்துத் தருவார்கள், காலை உணவு முடிந்தது. மாலையில் தெருவோரத்தில் குடுக்கையில் ஊற்றித் தரும் 'தக்கக்கா' என்னும் துக்குப்பிச் சாற்றில் உலர் இறால் போடுவார்கள். 'செம் கமராவ்' என்றால் இறால் வேண்டாம் என்று பொருள். அதிலுள்ள ஜம்பு கீரை நாக்கை மரத்துப்போகச் செய்யும், பயந்துவிடாதீர்கள்.

ஓபரா அரங்கத்தை யாரும் விடமாட்டார்கள், நீங்களும் பாருங்கள். 1896 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டது. எல்லாம் ரப்பர் பணம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் எடுத்துச் சென்ற எழுபதாயிரம் ரப்பர் விதைகளில் ஒரு சிறு பகுதி லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் மலேயாவுக்கும் பரவியதில் மனாவுஸின் செல்வம் ஒரு தலைமுறையில் வற்றியது. அந்த ரப்பர் பாலைக் காட்டுக்குள் யார் கையால் எடுக்க வைத்தார்கள் என்பதை வழிகாட்டிகள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்; நிறுத்திக் கேளுங்கள்.

பதில் 2: சேர்வராயன் மலைவாசி

அம்மாவுக்கு வணக்கம். நான் நாகலூர் பக்கத்து மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன். இந்தப் பெயரைச் சொன்னாலே 'கேரளாவில் எந்த ஊர்?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி வாழ்க்கை போய்விட்டது. நாங்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது எங்கள் முன்னோர் சொல்லும் கதை.

நீங்கள் எழுதியதைப் படித்து ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். விடுதியில் ஆடப் போனவர்களில் என் பெரியப்பா மகனும் ஒரு பருவத்தில் இருந்தான். அவனுக்கு ஆட்டத்தில் வெட்கம் இல்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில் விடிய விடிய ஆடுபவன் அவன். 'பத்து நிமிடத்தில் முடி, சாம்பார் ஆறுகிறது' என்று மேலாளர் சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆடுவது, எந்தப் பாட்டுக்கு ஆடுவது, எவ்வளவு பணம் என்று எதையும் தீர்மானிக்கும் இடத்தில் அவன் இல்லை. உங்கள் மாணவி மேசைப் பக்கம் திரும்பாததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அவளைக் கேட்டால்தான் தெரியும்.

சேகோ ஐயா சொன்ன சந்தையும் சமையலும் சரியானவை. ஆனாலும், கிராமத்திற்கே போக வேண்டாம் என்ற முடிவுக்கு நீங்கள் அவசரப்பட்டு வந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். மனாவுஸ் அருகே ரியோ நெக்ரோ கரையில் பயணிகளை வரவேற்கும் தெசானா, துக்கானோ குடும்பங்கள் அந்த இடத்திற்கே உரியவர்கள் அல்லர் என்று படித்திருக்கிறேன். ஆற்றின் மேற்பகுதியில் சுமார் 850 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாவோ காப்ரியேல் பகுதியிலிருந்து பிழைப்பைத் தேடி வந்து, இந்த வருவாயை நம்பிக் குடியேறியவர்கள் அவர்கள். நாம் மரியாதை கருதிப் போகாமல் இருந்தால் அந்த மாதம் அவர்கள் வீட்டில் அரிசி குறையும்; நம் மரியாதை அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஆகவே முகவரிடம் கேளுங்கள். கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? அதில் கிராமத்திற்குப் போவது எவ்வளவு? எங்களோடு பேசப்போவது அக்கிராமத்தவரா, நகரத்து வழிகாட்டியா? எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்தக் கிராமத்திற்கு விடுமுறை நாள் உண்டா? சாவு விழுந்தாலும் ஆட வேண்டிய ஊர் என்றால் வேறு முகவரைப் பாருங்கள்.

போனபின் ஒரு மணி நேரத்தையும் நடனத்திலேயே கழித்துவிடாதீர்கள். அங்கே தோட்டம் இருக்கும். எங்கள் ஊருக்கு வருபவர்களில் எங்கள் மனத்தில் நிற்பவர்கள், 'இந்தத் தினையை எப்போது விதைப்பீர்கள்?' என்று கேட்டவர்கள்தான்.

பதில் 3: மருந்துச் சீட்டு

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். ஆனால் நீங்கள் இருவரும் அறுபதைக் கடந்தவர்களாக இருந்தால், முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். முதன்முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் முதியவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். மனாவுஸுக்கு ஊசியில்லாமல் போவதும் ஆபத்து என்பதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள்.

இன்னொன்று: சட்டப்படி எல்லை வரையறுக்கப்பட்ட பழங்குடி நிலங்களுக்குள் அந்நாட்டின் பழங்குடியினர் துறையான ஃபுனாயின் அனுமதி இல்லாமல் வெளியார் நுழையக் கூடாது. 'யாரும் பார்க்காத இனத்தைக் காட்டுகிறேன்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. பயணத்தை அடுத்த ஜூனுக்கு மாற்றிவிட்டோம். மருத்துவரிடமும் நேரம் வாங்கியாகிவிட்டது. முகவரிடம் விடுமுறை நாளைப் பற்றிக் கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

மலைவாசித் தம்பிக்கு: என் மாணவியின் எண் என்னிடம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அழைக்காமல் இருந்ததற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

சேகோ ஐயாவிடம் ஒரு சந்தேகம்: நகரத்திற்குள்ளேயே பழங்குடியினர் சேர்ந்து வாழும் குடியிருப்பு ஏதேனும் உண்டா? எங்களுக்குப் போர்த்துகீசியம் ஒரு சொல்கூடத் தெரியாது. மகள் மட்டுமே பேசுவாள்.

தலைவாசல் சேகோக்காரர்

உண்டு, அம்மா. தருமா பகுதியில் 'பார்க்கே தாஸ் திரிபுஸ்' என்ற குடியிருப்பில் பல்வேறு இனத்தவர் சேர்ந்து வாழ்கிறார்கள். கொரோனா காலத்தில் அங்கே வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்த விட்டோட்டோ இனத்துச் செவிலிய உதவியாளர் வாண்டா ஓர்த்தேகாவுக்குத்தான் 2021 ஜனவரியில் அமேசோனாஸ் மாநிலத்தின் முதல் தடுப்பூசியைப் போட்டார்கள். பெரு, கொலம்பியா எல்லையில் உள்ள புத்துமாயோ காடுகளில் ரப்பர் நிறுவனத்தின் கொடுமைக்குப் பலியான மக்களில் விட்டோட்டோ இனத்தவரும் இருந்தார்கள். 1910-இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் சென்று விசாரித்து எழுதிய அறிக்கையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனால் பார்க்கே தாஸ் திரிபுஸ் மக்கள் குடியிருக்கும் இடம். யாரேனும் அழைத்தால் மட்டும் செல்லுங்கள். நகரின் மையத்தில், ஓபரா அரங்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், துக்கானோ முதலிய ரியோ நெக்ரோ மக்களின் மருத்துவ முறையைக் கையாளும் 'பஹ்செரிக்கோவி' என்ற நிலையத்தை அவர்களே நடத்துகிறார்கள். அங்கே தாராளமாகப் போகலாம்.

மொழி தெரியாதது ஒரு தடையே இல்லை. சந்தையில் ஃபரீனியா விற்ற ஓர் அம்மாவிடம் எனக்கும் பேச வாய் இல்லை. கைப்பேசியில் எங்கள் ஆலையின் காணொளியைக் காட்டினேன்: கிழங்கு கழுவும் தொட்டி, அரைவை, பால் வடிகட்டுவது, களத்தில் ஜவ்வரிசி காய்வது. அவர் கடையை விட்டு எழுந்து வந்து, இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு மஞ்சள் துக்குப்பி நிரப்பிய பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்து, அதைச் சுட்டிக்காட்டி, என் கைப்பேசியையும் சுட்டிக்காட்டி, இது உங்களிடம் எங்கே என்பதுபோல் கையை விரித்தார். நான் கீழே, சாக்கடைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, அவரிடமும் அதைச் சொன்னார்.