மைஹாமாவில் ஊர்க்காரரும் வெளியூர்க்காரரும்: டோக்கியோ டிஸ்னிலேண்ட் அனுபவங்கள்

நிஷி கசாய் வாசி:

டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பொறுப்பு கேட்காமலே வந்து சேர்ந்துவிடுகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப் போக வேண்டும். கசாய் நிலையத்திலிருந்து ஷட்டில் செவன் பஸ் நேராக அங்கேயே போகிறது. டோக்கியோ நிலையத்தில், பூங்கா இருக்கும் மைஹாமாவுக்குப் போகும் கெய்யோ ரயிலைப் பிடிக்க நிலத்தடியில் நடையாய் நடக்கும் சிரமம் எங்களுக்கு இல்லை. மாமா, சித்தப்பா, கல்லூரி நண்பர்கள் என்று வருடாவருடம் யாரையாவது கூட்டிக்கொண்டு போவதால், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களையும் இந்த ஊர்க்காரர்களையும் ஒரே நாளில் அருகருகே பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது.

நம் விருந்தாளிகள் வாசலில் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "முக்கியமான ரைடுகள் எவை?" வரிசையில் நிற்கும் நேரம் அவர்களுக்கு நஷ்டக் கணக்கு. ஜப்பானியர்கள் பலருக்கு அப்படி இல்லை. அவர்கள் போன வசந்தத்திலும் வந்திருப்பார்கள், வருகிற கிறிஸ்துமஸுக்கும் வருவார்கள். இன்று ஒன்றில் ஏற முடியாவிட்டால் குடி முழுகிவிடாது. தோழியோடு ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, கழுத்தில் பாப்கார்ன் வாளியை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் கறி மசாலா பாப்கார்ன், அந்தப் பக்கம் கேரமல் என்று பூங்காவைச் சுற்றி வருவதே அவர்களுக்கு ஒரு நாளின் நிறைவு.

இந்த வேறுபாட்டை நான் மிக அருகில் பார்த்தது ஒரு பகல் நேர அணிவகுப்பில். மதுரையிலிருந்து வந்திருந்த மாமா, பேரன் முகத்தில் வெயில் படாமல் தொப்பியை இழுத்துவிட்டபடி கூட்டத்தின் பின்னால் நின்றார். எங்களுக்கு முன்னால் நாலைந்து வரிசையாக ஜப்பானியர்கள் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அணிவகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்துதான் விரிப்பு போடலாம் என்பது விதி. அந்த நேரத்துக்குச் சரியாக வந்து இடம் பிடித்துவிடுகிறார்கள். தேர் கிளம்புவதற்கு முன்பே தேரடியில் உட்கார்ந்துவிடும் நம் ஊர் ஆச்சிகளின் அதே பொறுமை, அதே நிதானம். தெர்மாஸில் தேநீர், மடியில் குளிருக்குப் போர்வை, பெரிய லென்ஸ் பொருத்திய கேமரா. அவர்களில் சிலர் வருவது மிக்கியைப் பார்க்க மட்டும் இல்லை. அணிவகுப்பில் ஆடும் ஒரு குறிப்பிட்ட நடனக் கலைஞருக்காகவே வருகிறவர்களும் உண்டு.

முதல் வண்டி தெரிந்ததும் மாமா பேரனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். நம் ஊரில் எந்தத் தாத்தாவும் செய்வதுதான். உடனே ஓர் இளம் பெண் ஊழியர் ஓடி வந்தார். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் அணிவகுப்பின்போது குழந்தைகளைத் தோளில் தூக்கக் கூடாது. மாமாவுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அந்தப் பெண் கைகளைக் கூப்பாத குறையாகக் குனிந்து, இறக்கிவிடுமாறு சைகை காட்டினார். பேரன் அழத் தொடங்கினான். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

அப்போது முன் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மையார் திரும்பிப் பார்த்தார். தன் விரிப்பின் ஓரத்தை இரண்டாக மடித்தார். ஒரு குழந்தை உட்காரும் அளவுக்குத் தரை தெரிந்தது. அந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிக் காட்டினார். இடையில் உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்கள், பையன் முன்னால் போய்ச் சேர்ந்தான். அடுத்து யார் வருவார்கள், எந்தப் பக்கம் திரும்பிக் கையசைப்பார்கள் என்பதெல்லாம் அந்த அம்மையாருக்கு மனப்பாடம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கணம் முன்பே பையனின் தோளைத் தொட்டு, பார்க்க வேண்டிய திசையைக் காட்டினார். மாமா அன்று ஏறிய ரைடுகள் குறைவுதான். ஆனால் மதுரைக்குத் திரும்பிய பிறகு அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது அந்த மடித்த விரிப்பைப் பற்றித்தான்.

உங்களில் போய் வந்தவர்கள், அங்கு சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதுங்கள். ரைடு பட்டியல் எங்கும் கிடைக்கும்.

கோவைத் தந்தை:

நீங்கள் சொன்னதை மனதார ஏற்கிறேன். ஆனாலும் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் போனபோது பெரியவர்களுக்கான ஒரு நாள் டிக்கெட், நாளைப் பொறுத்து 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை இருந்தது. விமானச் செலவு, ஹோட்டல் எல்லாம் சேர்த்தால், கோவையிலிருந்து ஒரு குடும்பம் அங்கு நிற்பது வாழ்நாளில் ஒரே ஒரு முறையாகத்தான் இருக்கும். வரிசையில் நிற்கும் நேரத்தை நாங்கள் எண்ணுவது பேராசையால் இல்லை. அடுத்த வசந்தம் என்று ஒன்று எங்களுக்கு இல்லை. கூடுதல் பணம் கட்டி வரிசையைச் சுருக்கும் பிரீமியர் அக்ஸெஸ் வாங்கும் வெளிநாட்டவரைக் குறை சொல்லவே கூடாது. நான் வாங்கினேன், அந்தப் பணம் வீணாகவில்லை.

மகளுக்கு எட்டு வயது. ஜங்கிள் க்ரூஸ் படகில் ஓட்டுநர் முழுக்க முழுக்க ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டே வந்தார். படகு மொத்தமும் சிரிக்கிறது, எங்கள் நாலு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதைக் கவனித்த ஓட்டுநர், நீர்யானை தலை தூக்கும் இடத்தில் எங்கள் பக்கம் திரும்பி, கண்ணை அகல விரித்து, வாயைப் பொத்தி, பயந்தவர் போல் பின்னால் சாய்ந்து நடித்துக் காட்டினார். பேச்சைப் பேச்சாக மற்றவர்களுக்கும், அதே செய்தியை உடலால் எங்களுக்கும் சொல்லிக்கொண்டே கடைசி வரை வந்தார். ஒரு தொழிலாளி தன் வேலையை அவ்வளவு மதிப்பதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது.

சாப்பாட்டு விஷயம் சைவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். வெளி உணவைப் பூங்காவுக்குள் கொண்டுபோக முடியாது. ஆனால் வாசலுக்கு வெளியே கட்டுச்சாதம் சாப்பிட ஒரு தனி இடம் இருக்கிறது. நாங்கள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப் போயிருந்தோம். சுற்றிலும் ஜப்பானியக் குடும்பங்கள் தங்கள் பென்டோ டப்பாக்களைத் திறந்து உட்கார்ந்திருந்தன. வெளிநாட்டுப் பயணிகள் அநேகமாக வராத இடம் அது. அங்கேதான் நாங்கள் ஊர்க்காரர்களோடு ஊர்க்காரர்களாக உட்கார்ந்தோம் என்று சொல்வேன்.

இன்னொன்று. உள்ளே ஓர் உணவகத்தில் ஆளில்லாத மேசை மேல் ஒரு பெண்ணின் கைப்பையும் அதன்மேல் கைப்பேசியும் இருந்தன. யாரோ மறந்துவிட்டார்கள் என்று என் மனைவி பக்கத்தில் நின்று காவல் காத்தாள். பத்து நிமிடம் கழித்துத் தட்டோடு ஒரு பெண் வந்தார். இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! என் மனைவி ஏன் நிற்கிறாள் என்பது புரிந்ததும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். பிறகு பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து மகனுக்குக் கொடுத்தார்.

உராயசு அக்கா:

இருவரும் ஊர்க்காரர், ஊர்க்காரர் என்று எழுதுகிறீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு உள்ளேயும் ஒரு ஊர்க்காரர் இருக்கிறார். பூங்கா இருப்பது டோக்கியோவில் இல்லை, பக்கத்துச் சிபா மாநிலத்தின் உராயசு நகரில். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது அந்தப் பக்கம் முழுவதும் கடல். நோரிப் பாசியும் சிப்பியும்தான் பிழைப்பு. 1958-இல் ஆற்றின் மேல்பக்கம் இருந்த ஒரு காகித ஆலையின் கழிவு நீர் கடலைக் கெடுத்தது, மீனவர்கள் திரண்டு ஆலைக்குள் புகுந்தார்கள். அந்த ஆண்டே ஜப்பானில் நீர் மாசு பற்றிய சட்டங்கள் வந்தன. 1971-இல் உராயசு மீனவர்கள் மீன்பிடி உரிமையை முழுவதுமாக விட்டுக்கொடுத்தார்கள். தூர்த்த கடல் மேல் 1983 ஏப்ரல் 15 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் டிஸ்னி பூங்கா அதுதான். நடத்துவதும் ஒரு ஜப்பானிய நிறுவனம்தான், டிஸ்னியிடம் உரிமம் பெற்று.

அந்த வீட்டுக்கார அம்மா ஒரு முறை என் மகளோடு பூங்காவுக்கு வந்தார். கோட்டையைப் பார்த்ததைவிடக் காலடியைத்தான் அதிகம் பார்த்தார். "இங்கே தண்ணீர் முழங்கால் வரைதான் வரும், கூடையோடு நடந்து போவோம்" என்று கையால் அளவு காட்டினார். கோபமோ ஏக்கமோ குரலில் இல்லை. மைஹாமா ரயில் நிலையம் 1988-இல்தான் வந்தது. அதுவரை கூட்டம் முழுவதும் உராயசு நிலையத்தில் இறங்கி பஸ் ஏறுமாம். தன் தெருவில் அவ்வளவு அந்நிய முகங்களை முதன்முதலில் பார்த்த நாளைப் பற்றி இன்றும் உற்சாகமாகச் சொல்வார். பழைய மீனவக் குடியிருப்பை அப்படியே கட்டி வைத்திருக்கும் அருங்காட்சியகம் நகரத்தில் இருக்கிறது. டிஸ்னிக்கு வருகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி அதையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

உராயசு நகரின் பிள்ளைகளுக்கு இருபது வயது நிறைவு விழா 2002 முதல் அந்தப் பூங்காவில் நடக்கிறது. ஜனவரிக் குளிரில் நீண்ட கைகளுள்ள பட்டுக் கிமோனோ உடுத்திய பெண்கள் சிண்ட்ரெல்லா கோட்டை முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எதிர்பாராமல் அதைப் பார்க்கும் வெளிநாட்டவர்கள் ஏதோ நிகழ்ச்சிக்கான வேடம் என்று நினைத்து அவர்களோடு படம் எடுக்கக் கேட்கிறார்கள். பெண்களும் சம்மதிக்கிறார்கள். அவர்கள் நிற்பது சொந்த ஊரின் விழாவில்.

2011 மார்ச் 11-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலநடுக்கம் வந்தபோது டிஸ்னிலேண்ட், பக்கத்திலிருக்கும் டிஸ்னிசீ என்ற இரண்டு பூங்காக்களிலும் சேர்த்து சுமார் 70,000 பேர் இருந்தார்கள். கடைகளிலிருந்த பொம்மைகளை எடுத்துக் கொடுத்து, தலைக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் ஊழியர்கள். பெரும்பாலும் பகுதி நேர வேலை பார்க்கும் இளைஞர்கள் அவர்கள். ரயில்கள் நின்றுபோனதால் சுமார் 20,000 பேர் இரவை அங்கேயே கழித்தார்கள். அன்று உள்ளே இருந்த ஒரு தோழி, குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்த பிளாஸ்டிக் பையை இன்னும் மடித்து வைத்திருக்கிறார். எங்கள் பகுதியில் மண் நீராகக் குழைந்து பொங்கியது. பல வாரங்கள் குழாயில் தண்ணீர் வராத தெருக்கள் இருந்தன. பூங்கா ஏப்ரல் 15 அன்று, அதன் பிறந்த நாளில், மீண்டும் திறந்தபோது வாசலில் அழுதவர்களை நான் கண்ணால் பார்த்தேன். ரைடு ஏறவா அவர்கள் வந்தார்கள்? வழக்கமான வாழ்க்கை திரும்பிவிட்டது என்பதை உறுதி செய்துகொள்ள வந்தார்கள்.

சிபா மாணவி:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் டஃபியைச் சொல்லாமல் விட முடியாது. 2001-இல் திறந்த டிஸ்னிசீ பூங்காவில் மிக்கியைவிட இந்தக் கரடிப் பொம்மைக்குத்தான் மவுசு. என் ஆய்வகத் தோழி வீட்டிலிருந்தே தன் டஃபியைக் கொண்டு வருவாள். மழை தூறியதும் முதலில் அதற்குத்தான் மழைச்சட்டை போட்டாள், பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டினாள், அதன் பிறகே தன் குடையை விரித்தாள். பக்கத்தில் நின்ற அமெரிக்கத் தம்பதியர், பொம்மை யாருடைய குழந்தைக்கு என்று கேட்டார்கள். "எனக்கு" என்றாள், எந்தக் கூச்சமும் இல்லாமல். ஜப்பானில் பெரியவர்கள் மனம் இளகி இருக்க அனுமதி உள்ள இடங்கள் குறைவு. அலுவலகமும் ரயிலும் அவர்களை எப்படி இறுக்கிப் பிடிக்கின்றன என்பது இங்கு வேலை பார்க்கும் நம் எல்லோருக்கும் தெரியும். பட்டம் வாங்கும் மார்ச் மாதத்தில் பழைய பள்ளிச் சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு வரும் கல்லூரிப் பெண்களைப் பார்த்தாலும் எனக்கு இதுதான் தோன்றுகிறது.

நிஷி கசாய் வாசி:

கோவை சார், நீங்கள் சொன்னது நியாயம். ஒரே ஒரு நாள் கையில் இருக்கிறவரிடம் "நிதானமாகச் சுற்றுங்கள்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய, நேரத்தை மிச்சப்படுத்தும் சில வழக்கங்களை மட்டும் எழுதுகிறேன்.

அறிவித்த நேரத்துக்கு முன்பே கதவைத் திறப்பது உண்டு, ஆகவே முன்னதாகப் போய் நில்லுங்கள். ஊருக்கு வாங்கும் பிஸ்கட், சாக்லேட் டப்பாக்களைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுக்க டப்பா வாங்கும் ஜப்பானியர் கூட்டம் அப்போதுதான் கடைகளை நிறைக்கும். பிற்பகலில் வாங்கி, காசு போட்டுப் பூட்டும் லாக்கரில் வைத்துவிடலாம். ஜூன் மழையில் வருகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்த ஊரின் மழையை நினைத்தே நுழைவாயில் கடைத்தெரு முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள், அமெரிக்கப் பூங்காவில் அது கிடையாது. பெரியவர்கள் தலை முதல் கால் வரை வேடமிட்டு வர விரும்பினால் ஹாலோவீன் பருவத்தில் அறிவிக்கும் நாட்களில் மட்டுமே முடியும்.

சிறு குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால், ஏதாவது ஓர் அணிவகுப்புக்காவது விரிப்பு எடுத்துப் போய் முன்னால் உட்காருங்கள். நூறு யென் கடையில் விரிப்பு கிடைக்கும். ஊர்க்காரர்களோடு பேச வாய்ப்பு அமைவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அக்கா, அந்த அருங்காட்சியகத்துக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் என் சித்தி வருகிறார், அங்கிருந்தே தொடங்கலாம் என்று இருக்கிறேன்.