மின்பொறியியல் படித்தவள் கொள்கை ஆய்வுக்குப் போகலாமா?

பீனிக்ஸ் மாலதி:
என் மகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மின்பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியபடியே எரிசக்திக் கொள்கைக் குழுக்களிலும் உழைத்த அவளுடைய பேராசிரியர் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். "நீ கொள்கை ஆய்வுக்கு வா" என்று அவளை அழைக்கிறார். என் கணவருக்கு விருப்பமில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய லைன்மேன்:
வேண்டாம் மாலதி. 2007க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறன் போதாமல் போகும் என்று அரசின் 1998 எரிசக்திக் கொள்கை வெள்ளை அறிக்கையே எச்சரித்தது. யார் கேட்டார்கள்? 2008 ஜனவரியில் நாடே இருளில் கிடந்தது. 2021 ஆகஸ்டில் மெடுப்பி நிலக்கரி மின்நிலையத்தின் நான்காவது அலகு வெடித்ததே, ஜெனரேட்டரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும்போது முறையைப் பின்பற்றாததால் வந்த வினை அது. இந்த நாட்டுக்குப் பற்றாக்குறை கைப்பழக்கமுள்ள பொறியாளர்கள்தான். அறிக்கைகள் ஏராளமாக இருக்கின்றன.

சாட்ஸ்வொர்த் குமரன்:
அண்ணா, எச்சரித்தவர்கள் மீதா குற்றம்? அரசு மின் நிறுவனமான எஸ்காம் சொன்னது சரி, அரசுதான் தவறு செய்தது என்று 2007 டிசம்பரில் அதிபர் ம்பெக்கியே ஒப்புக்கொண்டார்.

அந்தப் பேராசிரியரைப் போன்றவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். 2011இல் தனியார் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு ஏலமுறை வந்தது. முதல் சுற்றில் சூரிய மின்சாரம் ஒரு யூனிட் ஏறக்குறைய 2 ராண்ட் 75 சென்ட். நான்காவது சுற்றில் ஒரு ராண்டுக்கும் கீழே இறங்கியது. விதிகளைச் சரியாக எழுதியதால் வந்த பலன் இது. தேவை மிஞ்சினால் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் சரியும், சில பகுதிகளுக்கு மின்சாரத்தை வெட்டாவிட்டால் மின்தொகுப்பு முழுவதும் விழுந்துவிடும். இதை அமைச்சர் முன் உட்கார்ந்து விளக்க, மின்சாரம் தெரிந்த ஒருவர் வேண்டாமா? வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் மட்டுமே அந்த அறையில் இருந்தால் போதுமா?

பழைய லைன்மேன்:
ஏலத்தை நான் குறை சொல்லவில்லை, தம்பி. 2022இல் ஆறாவது சுற்றில் காற்றாலைகளுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லையே, ஏன்? காற்றாலைகள் அமையும் கேப் பகுதிகளில் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பித்தடங்கள் நிரம்பிவிட்டன. கோபுரம் ஏறியவனைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பான்.

சாட்ஸ்வொர்த் குமரன்:
நானும் அதைத்தான் சொல்கிறேன். ஒரு உயரழுத்தத் தடம் போட்டு முடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. நிலம், அனுமதி, பணம் எல்லாவற்றையும் இன்றே கணக்கிட்டுக் கேட்பது கொள்கை வேலை. அதைத் தெரிந்தவர் செய்யாவிட்டால் அடுத்தடுத்த சுற்றுகளிலும் இதே அழுகைதான்.

பழைய லைன்மேன்:
சரி, போகட்டும். ஆனால் அதற்கு முன் ஓராண்டாவது துணைமின்நிலையத்தில் வேலை பார்க்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பீனிக்ஸ் மாலதி:
மகளிடம் படித்துக் காட்டினேன். கேப் தடங்கள் எந்தெந்த இடத்தில் நிரம்பியிருக்கின்றன என்று லைன்மேன் மாமாவிடம் கேட்க வேண்டுமாம்.

பழைய லைன்மேன்:
ஞாயிறு காலை உம்பிலோ கோயிலில் இருப்பேன். வரைபடத்தோடு வரச் சொல்லுங்கள்.