சுதாவின் உரிமத்துக்கு மட்டும் ஏன் ஐந்து மாதம்?

சுதா (ஃபிரிஸ்கோ, அமெரிக்கா): அநியாயத்தைக் கேளுங்கள். நானும் அவரும் ஒரே நாளில், ஒரே கவுண்டரில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தோம். தற்காலிகத் தாளில் அவருக்கு மூன்று வருடம் போட்டிருக்கிறது. எனக்கு ஆகஸ்ட் 19 வரைதான். ஐந்து மாதம்!

பெரியப்பா (காரைக்குடி): அந்தக் குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் அடித்திருப்பான். மேலதிகாரியைப் பார். முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வரை, அதற்கு மேல் ஐம்பதுக்குள் என்றால் பத்து வருடம். 2019இல் சட்டத்தைத் திருத்தியபோதே இப்படி ஆகிவிட்டது.

மீனா அக்கா (இர்விங்): பெரியப்பா, அது நம் ஊர்க் கணக்கு, வயதைப் பார்ப்பார்கள். இங்கே நம்மை இந்த நாட்டில் எதுவரை தங்க விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத் தேதி போடுவார்கள். கிரீன் கார்டு இருந்தால் டெக்சாஸில் எட்டு வருடம். விசாவில் இருப்பவர்களுக்கு அட்டையிலேயே ‘லிமிடெட் டேர்ம்’, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், என்று அச்சடித்துவிடுவார்கள். சுதா, உன் ஐ-94ஐ, அதாவது நாட்டுக்குள் வந்த பதிவை, இணையத்தில் இறக்கிப் பார்.

சுதா: விசா 2027 வரை இருக்கிறதே அக்கா?

மீனா அக்கா: விசா உள்ளே நுழைவதற்கு. எதுவரை தங்கலாம் என்று சொல்வது ஐ-94தான். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தாயே, அப்போது விமான நிலையத்தில் பதிந்ததைப் பார்.

சுதா: ஆகஸ்ட் 19 என்றுதான் இருக்கிறது. அக்கா, அது என் பாஸ்போர்ட் முடிகிற தேதி!

மீனா அக்கா: நினைத்தேன். மற்ற காகிதங்களில் எத்தனை வருடம் இருந்தாலும், பாஸ்போர்ட் முன்னதாக முடிந்தால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவார்கள். உன் கணவர் புது பாஸ்போர்ட்டில் வந்தார், தப்பித்தார்.

அத்தை (திருச்சி): எனக்கு ஒன்று புரியவில்லை. கார் ஓட்டத் தெரியுமா என்று பார்க்க வேண்டியவர்கள் பாஸ்போர்ட்டை ஏன் பார்க்கிறார்கள்?

மீனா அக்கா: 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த வினை அத்தை. விமானங்களைக் கடத்தியவர்களில் பலர் இங்கேயே உரிமமும் அடையாள அட்டையும் வாங்கியிருந்தார்கள். அதனால் 2005இல் ரியல் ஐடி சட்டம் வந்தது. குடிமகனாக இருந்தால் பிறப்புச் சான்றோ பாஸ்போர்ட்டோ காட்ட வேண்டும். நம்மைப் போன்றவர்கள் சட்டப்படி தங்கியிருப்பதைக் காட்ட வேண்டும். தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, விமான நிலையங்களில் 2025 மே 7இல்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

முரளி அண்ணன் (சான் ஹோசே): எங்கள் கலிபோர்னியாவில் ஆவணமே இல்லாதவர்களுக்கும் 2015 முதல் உரிமம் தருகிறார்கள். அந்த அட்டை கார் ஓட்ட மட்டும்தான், விமானத்துக்குச் செல்லாது. எப்படியும் ஓட்டத்தான் போகிறார்கள், தேர்வு எழுதிவிட்டு ஓட்டட்டுமே என்ற நியாயம்தான். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

மீனா அக்கா: டெக்சாஸில் அந்தப் பேச்சே எடுபடாது முரளி.

பெரியப்பா: சுதா, நான் இங்கே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து அனுப்பட்டுமா? ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை.

மீனா அக்கா: அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு, பெரியப்பா. இவள் இங்கே குடியிருக்கிறாள். தவிர, கவலை உரிமத்தைப் பற்றியதே இல்லை. ஐ-94 தேதி தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியே போனால் மூன்று வருடம் திரும்ப விட மாட்டார்கள். அந்தக் கவுண்டரில் இருந்தவர் உனக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார், சுதா. குறைந்த தேதி போடாமல் இருந்திருந்தால் நீ பார்த்திருக்கவே மாட்டாய்.

சுதா: கை நடுங்குகிறது. இப்போது என்ன செய்வது?

மீனா அக்கா: முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பி. பிறகு இரண்டு வழி. ஒன்று, வெளிநாடு போய்ப் புது பாஸ்போர்ட்டோடு திரும்புவது. விசா பழையதில் இருப்பதால் இரண்டையும் கையில் வைத்துக்கொள். இன்னொன்று, இங்கிருந்தபடியே ஆகஸ்ட் 19க்கு முன், தங்கும் காலத்தை நீட்டக் கேட்கும் ஐ-539 விண்ணப்பம் போடுவது. எது வசதி என்று உன் கணவர் அலுவலகத்து வழக்கறிஞரிடம் கேள். புது ஐ-94 வந்ததும் உரிம அலுவலகத்துக்கு எடுத்துப் போனால் தேதியை நீட்டிக் கொடுப்பார்கள்.

மீனா அக்கா: இன்னொன்று. உரிம விண்ணப்பத்தில் ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனா’ என்றும் வாக்காளராகப் பதிய விருப்பமா என்றும் கேட்டிருப்பார்களே, இரண்டுக்கும் ‘இல்லை’ என்றுதானே குறித்தாய்?

சுதா: ஆமாம், இரண்டுக்கும் ‘இல்லை’தான்.

மீனா அக்கா: நல்லது. அதில் கை தவறினால் பின்னால் கிரீன் கார்டுக்கே உலை வைக்கும். உன் மகள் நிலாவின் ஐ-94 பார்த்தாயா? பொங்கலுக்கு அவளும்தானே வந்தாள்?

சுதா: அவளுக்கு ஏழு வயது அக்கா, உரிமம் ஏது?

மீனா அக்கா: அதனால்தான் கேட்கிறேன். குழந்தைகள் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான். அவளுக்கு எந்தக் கவுண்டரும் தேதி சொல்லாது.

சுதா: ஜூன் 2.

அத்தை: ஐயோ, முருகா.

மீனா அக்கா: பதற வேண்டாம், நாள் இருக்கிறது. ஒரே விண்ணப்பத்தில் அவளையும் சேர்க்கலாம், ஆனால் இனி ஆகஸ்டை மறந்துவிடு, ஜூன் 2க்குள் போட வேண்டும். அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு இன்றே விண்ணப்பி. போட்டோ எடுக்கும்போது பின்புறம் வெள்ளையாக இருக்கட்டும்.

சுதா: அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போகிறேன்.