ஓடைக்கரையில் வீடு: நகரசபை இருக்க, கொன்சவேஷன் ஒத்தோரிட்டி பெர்மிட் எதற்கு?

ஓடைக்கரை:
ஒன்ராறியோவில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை. பின்பக்கம் அறை ஒன்று கூட்டிக் கட்ட நகரசபைக்குப் போனால், முதலில் கொன்சவேஷன் ஒத்தோரிட்டியின் (ஆறு, ஓடை, வெள்ள நிலங்களைப் பார்க்கும் அமைப்பாம்) பெர்மிட்டைக் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். கோடையில் கணுக்கால் நனையாத ஓடை இது! சொந்தக் காணியில் கட்ட எத்தனை பேரிடம் கேட்பது?

வரைபடக்காரன்:
நகரசபைக்கு எல்லை உண்டு, ஆற்றுக்கு இல்லையே. மேலே ஓர் ஊர் சதுப்பு நிலத்தை நிரப்பினால் கீழே இன்னோர் ஊரின் நிலவறையில் தண்ணீர் ஏறும். அதனால்தான் ஒன்ராறியோவின் 1946 கொன்சவேஷன் ஒத்தோரிட்டிச் சட்டம் நீர்ப்பிடிப்புப் பகுதியையே, அதாவது ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் வடியும் நிலம் முழுவதையுமே, எல்லையாக எடுத்து, அதற்குள் வரும் நகரசபைகள் சேர்ந்து ஒத்தோரிட்டி அமைக்க வழி செய்தது. ஆனால் வெள்ளம் பாயும் நிலத்தில் கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் வலுத்தது 1954 அக்டோபரில் ஹேசல் சூறாவளி அடித்த பிறகுதான். கனடாவில் 81 பேர் இறந்தார்கள், அதில் 35 பேர் ரொறன்ரோவில் ஹம்பர் ஆற்றங்கரையில் இருந்த ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில். அடித்துப் போன வீடுகள் இருந்த இடம் இப்போது பூங்கா. கோடையில் பார்த்து ஓடையை எடை போடாதீர்கள் அண்ணா.

பச்சைத்தவளை:
அதெல்லாம் சரி, அந்த அதிகாரத்தில் இப்போது எவ்வளவு மிச்சம் என்பதையும் சொல்லுங்கள். வீடு கட்டுவதை விரைவாக்க என்று ஒன்ராறியோ அரசு 2022-இல் கொண்டு வந்த மசோதா 23, பெர்மிட் கொடுக்கும்போது மாசு, நிலப் பாதுகாப்பு இரண்டையும் பார்க்கத் தேவையில்லை என்று வெட்டிவிட்டது. வெள்ளம், மண்ணரிப்பு, உறுதியில்லாத நிலம், இப்படி ஆபத்துகள்தான் கணக்கு. முக்கிய சதுப்பு நிலங்களைச் சுற்றி 120 மீட்டர் வரை இருந்த கட்டுப்பாடு 2024 ஏப்ரலில் இருந்து 30 மீட்டர். வீடு கட்ட நிலம் வேண்டுமாம்!

ஓடைக்கரை:
அப்போ எனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா?

வரைபடக்காரன்:
வரைபடம் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. உங்கள் காணி கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் எவ்வளவு வருகிறது என்று முதலில் கேளுங்கள். 15 சதுர மீட்டருக்கு மேல் போகாத, நிலவறை இல்லாத சின்னக் கொட்டகைக்கு விலக்கு உண்டு, ஓடைக்குள்ளும் சதுப்புக்குள்ளும் இல்லாவிட்டால். வசிக்கும் அறைக்கு அது பொருந்தாது. விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்ற பிறகு 90 நாளில் முடிவு வராவிட்டால் நிலத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதுவரை மண் கொட்டி மேடாக்கும் வேலையைக்கூடத் தொடங்காதீர்கள், அபராதம் 50,000 டொலர் வரை போகும்.