ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் டெஸ்டுக்கு முன் இன்ஹேலரை நிறுத்தியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். ஏற்காட்டில் இருக்கும் அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சு விடச் சிரமமாகும் நாள்பட்ட நுரையீரல் நோய்). அடுத்த வாரம் சேலத்தில் ஸ்பைரோமெட்ரி. முதலில் ஒருமுறை ஊதச் சொல்வார்கள். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்லி, முதல் நொடியில் வெளிவரும் காற்று எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பார்களாம். அதற்காகக் காலையில் இன்ஹேலர் போடாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். பல் விளக்கினாலே மூச்சு வாங்கும் மனிதர், 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கி வர வேண்டுமே! முந்தின நாளே வந்து சேலத்தில் தங்கிவிடலாமா? வழியில் முடியாமல் போய் இரண்டு பஃப் அடித்துவிட்டால் அன்றைக்கு டெஸ்ட் எடுப்பார்களா, தேதியை மாற்றுவார்களா? டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன். வீட்டுப் பெரியவர்களை இப்படி அழைத்துப் போனவர்கள் சொன்னால் தைரியமாக இருக்கும். இன்ஹேலரோடு மாட்டும் குழாயான ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோக வேண்டுமா?